ஓட வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன்

உக்காருங்க கண்ணு. அந்தப் பையை வாசல்லயே வைங்க, இங்க ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க. குரங்குதான் எடுக்கும். வேண்டாம், உள்ளயே வைங்க.

பால் காயுது, காப்பி வந்துரும். அதுக்குள்ள ஒண்ணு சொல்றேன், போனை அப்படி வைங்க. அதுல வந்திருக்குதே, வெளியூர்ல இருந்து ஓட வர்றவங்களுக்குன்னு ஒரு பக்கம், அது எம் பொண்ணு தாரணி அடிச்சுக் குடுத்ததுதான். இந்த ஓட்டத்துக்கெல்லாம் ஏற்காட்டுல தலைவரு ஜெயசீலன் சார். அவரோட எஸ்டேட் ஆபீஸ்லதான் அவ வேலை பாக்கறா. சேலத்துல இறங்கி எந்த பஸ் ஏறணும், மழைக்கோட்டு வேணும், ரெண்டு ஜோடி ஷூ வேணும், கொண்டை ஊசி வளைவுல வாந்தி வர்றவங்க முன் சீட்டுல உக்காரணும், எல்லாம் அழகா எழுதியிருக்கா. சரிதான். ஆனா எழுத வேண்டியதை எழுதலையே. அதை நான் சொல்றேன்.

அட்டை கடிச்சாப் பிடிச்சு இழுக்காதீங்க. உப்பு வைங்க, தானா விழும். வெள்ளிக்கிழமையே காசு எடுத்து வச்சுக்கங்க, சனிக்கிழமை ஏடிஎம்ல வெறும் சத்தம்தான் வரும். காட்டெருமை நின்னா நீங்களும் நில்லுங்க, போட்டோ எடுக்கப் போகாதீங்க. பனி இறங்கிட்டா ரோட்டை விட்டு இறங்காதீங்க. இதெல்லாம்கூடப் பரவால்ல. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. வாசல்ல ரெண்டு கார் நின்னு, உள்ள ஆளுங்க வெள்ளை வேட்டியில உக்காந்திருந்தா, அந்த வீட்டு கேட்டைத் திறந்துட்டு உள்ள வந்துடாதீங்க. அந்த வீட்ல ஒரு பொண்ணோட வாழ்க்கை முடிவாயிட்டிருக்குன்னு அர்த்தம்.

சிரிக்காதீங்க கண்ணு. எனக்கு நடந்தது.

நீங்க பினாங்கா இருந்தாலும் தமிழ் பேசறீங்க, அதனால உங்ககிட்டச் சொல்றேன். போன வாரம் வந்த வெள்ளைக்காரங்ககிட்டச் சொன்னேன், தலையத் தலைய ஆட்டிட்டு, கடைசியில வைஃபை நம்பர் கேட்டாங்க.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி உலகத்துல இருந்தெல்லாம் ஆள் வந்து இறங்கினாங்க. போட்டியாங்கன்னு கேட்டா போட்டி இல்லையாம். முதல்ல வந்தவனுக்கு ஒண்ணும் கிடையாதாம். சும்மா கூடி ஓடறதாம், ஓடி முடிச்சு பீர் குடிச்சுட்டுப் பாடறதாம். உங்களுக்குத் தெரியாததா, நீங்களும் அந்தக் கூட்டம்தானே. ஒருத்தர் முன்னால ஓடிக் கைப்பிடி கைப்பிடியா மாவை வீசிட்டுப் போவாராம். பின்னால வர்றவங்க அந்த மாவைத் தேடிக் கண்டுபிடிச்சு ஓடணுமாம். வட்டம் போட்டிருந்தா சுத்திப் பாக்கணுமாம், பெருக்கல் குறி போட்டிருந்தா தப்பான வழியாம், திரும்பி வரணுமாம். அம்புக்குறின்னா நேராப் போகணுமாம். சரியான வழி கிடைச்சவன், பின்னால வர்றவங்களுக்குக் கேக்கற மாதிரி என்னமோ ரெண்டு வார்த்தை கத்தணுமாம். இதெல்லாம் தாரணிதான் வீட்ல வந்து சொல்லுவா. அரிசி விலை தெரியாத ஜனங்கன்னு நான் சொன்னேன்.

அந்தச் சமயத்துலதான் அவளுக்கு ஒரு நல்ல இடம் வந்துச்சு. நாமக்கல்லு. சொந்தமா கோழிப்பண்ணை, ரெண்டு லாரி, ஒரே பையன், பேரு நவநீதன். தரகர் போட்டோ கொண்டு வந்தப்ப அவ பாத்துட்டு, எனக்கு வேண்டாம்மான்னா. போட்டோவைத்தான் சொல்றான்னு நினைச்சேன். போட்டோவுல அந்தப் பையன் கொஞ்சம் உப்பினாப்புலதான் இருந்தான். நேர்ல நல்லா இருப்பான்டின்னேன். அப்பறம் சேலத்துக்குப் புடவை எடுக்கப் போனோம். மாம்பழக் கலர்ல ஒண்ணை எடுத்து அவ தோள்ல வச்சுப் பாக்கறேன், வேண்டாம்மா, சொன்னாக் கேளும்மாங்கறா. சிக்கனம் அவளுக்கு. சின்னதுலேர்ந்தே அப்படி. விலையைப் பாக்காதடின்னு சொல்லி எடுத்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் அடுப்படியில வந்து நின்னு, நாளைக்கு அவங்களை வர வேண்டாம்னு சொல்லிடும்மான்னா. கண்ணு கலங்கியிருந்துச்சு. பொண்ணுங்கன்னா பயம் இருக்கத்தானே செய்யும். எனக்கு இல்லையா? என்னையெல்லாம் யாரு கேட்டாங்க? மணவறையில பக்கத்துல உக்கார வச்சப்பதான் இவர் நெட்டையா குட்டையான்னே எனக்குத் தெரியும். வாழலையா? ரவையை வறுத்துக்கிட்டே அவளுக்கு அதைத்தான் சொன்னேன். அவ கேட்டுட்டு உள்ள போயிட்டா. சமாதானமாயிட்டா.

சமாதானமாயிட்டாங்கறது எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? காலையில பாருங்க, என்னைக்கும் நான் பத்துத் தடவை கத்தினாத்தான் எழுந்திருக்கறவ, அன்னைக்கு நான் கண்ணு முழிக்கறப்பவே எழுந்து குளிச்சு, கோலமாவு டப்பாவைத் தூக்கிட்டு வெளிய போயிட்டா. வாசலோட நிறுத்தலை. படிக்கட்டு வழியாக் கீழ ஏரி ரோடு வரைக்கும் போயிட்டு வந்திருக்கா. டப்பா காலி. முட்டியெல்லாம் ஈரம். என்னடி தெரு முழுக்கக் கோலமான்னேன். வர்றவங்களுக்கு வழி தெரிய வேண்டாமாம்மான்னா. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு கண்ணு. வாய்தான் வேண்டாம்னுது, மனசுல எவ்வளவு ஆசை இருந்திருந்தா இந்தப் பனியில அவ்வளவு தூரம் போவா?

மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சொன்ன நேரத்துக்கு வந்தாங்க. அதுலயே எனக்குப் பிடிச்சுப் போச்சு. பையன், அப்பா, அம்மா, அத்தைங்க, எல்லாருக்கும் மேல ஒரு பெரியப்பா. அவருதான் பேசினாரு, மத்தவங்க அவர் வாயைப் பாத்துட்டு இருந்தாங்க. கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, மொளகா பஜ்ஜி, எல்லாம் டேபிள்ல அடுக்கி வச்சுட்டேன். பெரியப்பா, வீடு மேட்டுல இருக்குதே, மழைக்கு மண்ணு சரியாதான்னு கேட்டாரு. எங்க வீட்டுக்காரர் சரியாதுங்கன்னாரு. பையன் குனிஞ்ச தலை நிமிரலை. மரியாதையான பையன்.

சரி, பொண்ணை வரச் சொல்லுங்கன்னு பெரியப்பா சொன்னாரு. தாரணி காப்பித் தட்டைத் தூக்கிட்டு வாசப்படி வரைக்கும் வந்துட்டா. மாம்பழக் கலர் புடவை. என்னா லட்சணம்ங்கறீங்க. அப்பதான் கீழ படிக்கட்டுப் பக்கம் பீப்பீன்னு ஊதற சத்தம் கேட்டுச்சு. ஆன் ஆன், ஆன் ஆன்னு கத்தறாங்க. கோயில் ஊர்வலம்னு அத்தைங்கள்ல ஒருத்தங்க கையெடுத்துக் கும்பிட்டாங்க.

கேட்டு திறந்துச்சு கண்ணு. உள்ள வந்தாங்க பாருங்க. அன்னைக்குன்னு பாத்து எல்லாரும் செவப்புக் கவுனு போட்டு ஓடற நாளாம். ஆம்பளைங்களும். அதை யாரு எங்ககிட்ட சொன்னாங்க? மொதல்ல வந்தவன் வாசக்கால் உசரம், மார் முழுக்க முடி, செவப்புக் கவுனு, கால்ல அட்டை கடிச்சு ரத்தம் வழியுது. பின்னாலயே இன்னொருத்தன், இன்னொருத்தி, சேறும் சகதியுமா வந்துட்டே இருக்காங்க. நிக்கறதுக்கு இடமில்லை. தண்ணி குடுக்கற இடம்னு நினைச்சாங்களாம். டேபிள்ல கேசரி இருக்கு, பஜ்ஜி இருக்கு, காப்பி இருக்கு, ஒரு பொண்ணு பட்டுப்புடவை கட்டிட்டு வரவேத்துட்டு நிக்கறா. இந்தியாவுல இப்படித்தான் குடுப்பாங்க போலன்னு எடுத்துத் தின்ன ஆரம்பிச்சுட்டாங்க. ஒருத்தன் பெரியப்பாவைக் கட்டிப் பிடிச்சு முதுகுல தட்டினான். அவர் வேட்டியில சேறு.

எங்க வீட்டுக்காரர் இருக்காரே, அவர் என்ன பண்ணியிருக்கணும்? கேட்டை மூடியிருக்கணும். இவர் பஜ்ஜித் தட்டைத் தூக்கிட்டு ஒவ்வொருத்தர்கிட்டயும் போறாரு. வீடு தேடி வந்தவங்களுக்கு இல்லைன்னு எப்படிச் சொல்றதுங்கறாரு. அதை விடுங்க, அந்த நவநீதன் பையன் மொத தடவையா நிமிர்ந்து பாத்து, வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறான். நான் தாரணியைப் பாத்தேன். தட்டை வச்சுட்டுச் சுவத்தோரமா நிக்கறா. உதட்டைக் கடிச்சுட்டு இருந்தா. அழுகையை அடக்கறான்னு நினைச்சேன்.

அதோட போயிருந்தாக்கூட நான் காலைப் பிடிச்சுக் கெஞ்சி அவங்களை உக்கார வச்சிருப்பேன். அதுக்குள்ள ஒரு வயசானவர் வந்தாரு. ஹாலந்து தேசமாம். ஹெண்ட்ரிக்னு பேரு, எனக்கு வாயில வரலை, பெரியவரேன்னுதான் கூப்பிட்டேன். எழுபது தாண்டினவர். எல்லாரும் வந்தப்பறம் மெதுவாப் படியேறி வந்து, கேட்டுக் கம்பியைப் பிடிச்சாரு. முகம் வெளிறிப் போய் வேர்வை கொட்டுது. அப்படியே சரிஞ்சு செவ்வந்திச் செடி மேல உக்காந்துட்டாரு.

சத்தமெல்லாம் அடங்கிப் போச்சு. கூட்டத்துல ஒரு டாக்டரம்மா இருந்தாங்க, அவங்களும் கவுனுதான், ஓடி வந்து நாடி பாத்து உடனே ஆஸ்பத்திரிக்குன்னாங்க. மாப்பிள்ளை வீட்டுக் கார்ல ஏத்தலாம்னா டிரைவருங்க ரெண்டு பேரும் டீ குடிக்க டவுனுக்குப் போயிட்டாங்க, சாவி அவங்ககிட்ட. எங்க வீட்டுக்காரருக்கு முட்டி ஆபரேசன் பண்ணினதுல இருந்து கிளட்ச் மிதிக்க வராது. நான் என்ன செய்யறதுன்னு தெரியாம நிக்கறேன். தாரணி புடவையைத் தூக்கிச் சொருகிட்டு, எங்க பழைய ஜீப்பு சாவியை ஆணியில இருந்து எடுத்துட்டு ஓடறா. அவ முகத்தை நான் அப்படிப் பாத்ததே இல்லை. சுண்ணாம்பு மாதிரி இருந்துச்சு. நவநீதன் வந்து பெரியவரைத் தூக்கிப் பின்னால போட்டு, தலையைத் தன் மடியில வச்சுக்கிட்டான். டாக்டரம்மா ஏறினாங்க. பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை முன்னால எம் பொண்ணு தனியா வண்டி ஓட்டிட்டுப் போறாளேன்னு நானும் ஏறிட்டேன்.

அந்த இறக்கத்துல எப்படித்தான் ஓட்டினாளோ. ஹாரனை விட்டுக் கையை எடுக்கலை. டாக்டரம்மா பின்னால இருந்து இங்கிலீசுல என்னவோ சொல்லிட்டே வர்றாங்க, இவ பதில் சொல்றா, எனக்கு ஒண்ணும் புரியலை. கந்தா கந்தான்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில உள்ள கொண்டு போயிட்டாங்க. வெளிய பெஞ்சுல உக்காந்தோம். அப்ப உடைஞ்சா பாருங்க. என்னாலதான்மா, என்னாலதான்னு அதையே சொல்லிட்டுத் தேம்பறா. அந்தப் படிக்கட்டுல அவரை ஏத்திட்டேன்மாங்கறா. பைத்தியமா நீ, நீயா ஏத்தினே, அவரா வந்தாருன்னேன். நல்ல சம்பந்தம் கை விட்டுப் போச்சுன்னா மூளை கலங்கத்தானே செய்யும். உன் மேல ஒரு தப்பும் இல்லடி, ஜாதகம் அப்படின்னு தலையத் தடவிக் குடுத்தேன். இன்னும் சத்தமா அழுதா. அந்தப் பையன் எதிர்ல நின்னு பாத்துட்டே இருந்தான். அப்பறம் போயி ஒரு பாட்டில் தண்ணி வாங்கிட்டு வந்து அவகிட்டக் குடுத்து, அவருக்கு ஒண்ணும் ஆகாதுங்க, நீங்க வேகமாத்தானே கூட்டிட்டு வந்தீங்கன்னான். அவ அவனைப் பாத்து, உங்களுக்குத் தெரிஞ்சிருச்சான்னா. ம்ம்னான். என்ன தெரிஞ்சுதுன்னு எனக்கு இன்னைய வரைக்கும் தெரியலை. கேட்டா ரெண்டு பேரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

நெஞ்சுல ஒண்ணும் பெருசா இல்லை, உடம்புல தண்ணி வத்திப் போயி ரத்த அழுத்தம் இறங்கியிருக்கு, இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னாரு. சாயங்காலம் பெரியவர் கண்ணு முழிச்சாரு. நாங்க பக்கத்துல நின்னோம். தாரணி அவர் கையைப் பிடிச்சுட்டு இங்கிலீசுல நெடுநேரம் என்னமோ சொன்னா, அழுதுகிட்டே சொன்னா. அவர் கேட்டுட்டே இருந்தவரு, திடீர்னு வயிறு குலுங்கச் சிரிச்சாரு. அப்பறம் என் பக்கம் திரும்பி, ஆன் ஆன்னு சொன்னாரு. என்னடி சொல்றாருன்னேன்.

"உங்க பொண்ணு வேண்டாம்னு சொன்னா வேண்டாம்னுதான் அர்த்தம், அவளை அவ வழியில விடுங்கன்னு சொல்றார்ம்மா."

ரெண்டே வார்த்தைதான் கண்ணு அவர் சொன்னது. அதுக்குள்ள இவ்வளவு அடங்கியிருக்கு. என்னா பாஷை அது. வயசானவரு ஏதோ உடம்பு முடியாம சொல்றாரு, மனசுல வச்சுக்காதேன்னு அவகிட்டச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தா பெரியப்பா வாசல்லயே நிக்கறாரு. யாரு வேணும்னாலும் உள்ள வர்ற வீடு எங்களுக்குச் சரிப்படாதுன்னுட்டாரு. போயிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சுத் தரகர் வந்து, பையன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்னாரு. பொண்ணு நல்லா வண்டி ஓட்டுதாம். எவ்வளவு குத்தலாப் பேச்சு பாருங்க.

நான் சும்மா விடலை. ஜெயசீலன் சார் வீட்டுக்கே போனேன். எங்க தெருவுல எதுக்கு மாவு போட்டீங்க, எம் பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்துட்டீங்களேன்னு கேட்டேன். அவர் சத்தியம் பண்றாரு. எங்க வழி ஏரி ரோட்டோட நேராப் போச்சும்மா, உங்க தெருவுல நாங்க ஒரு குறியும் போடலைங்கறாரு. அப்பறம் யாரு போட்டாங்கன்னேன். அதுக்கு அவர் சொன்னதைக் கேளுங்க.

"நாங்க மாவை வீசுவோம்மா. அது பொட்டு பொட்டா விழும். உங்க படிக்கட்டுல இருந்த அம்புக்குறியெல்லாம் கை வச்சு இழுத்தது. கோடு பிசிறில்லாம இருந்துச்சு. நல்லாக் கோலம் போடத் தெரிஞ்ச கை."

எப்படிக் கதை விடறாரு பாருங்க. மெத்தப் படிச்சவரு, எஸ்டேட்டையே நடத்தறவரு, தன் ஆளுங்க பண்ணின தப்பை ஒத்துக்க மனசில்லாம கோலம் போடறவங்க மேல பழியைப் போடறாரு. இந்தத் தெருவுல கோலம் போடறவங்க யாரு இருக்காங்க? கீழ் வீட்டுக்காரங்க பெங்களூருல. எதிர் வீடு பூட்டிக் கிடக்கு. நாங்க மட்டும்தான். அதையும் அவர் மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். ஆமாம்மா, நீங்க மட்டும்தான்னு அவரும் ஒத்துக்கிட்டாரு. அப்பறம் என்ன பேச்சு?

பெரியவரை ஆஸ்பத்திரியில இருந்து ஓட்டலுக்கு அனுப்பறோம்னாங்க. தாரணி விடலை. நம்ம வீட்லதான் இருக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னா. நீங்க இப்ப இருக்கீங்களே, இந்த ரூம்தான். ஓட்டக்காரங்க எல்லாம் ஊருக்குப் போனப்பறமும் அவர் இங்கதான் இருந்தாரு. காரம் ஆகாது, புளி ஆகாது. கஞ்சி வச்சுக் குடுத்தேன், தேங்காத் துவையல் தொட்டுக்கிட்டு நல்லாக் குடிச்சாரு. தாரணி ஆபீஸ் விட்டு வந்தா நேரா அவர்கிட்டதான் போவா. கையைப் பிடிச்சு வாசல்ல நடக்க வைப்பா. எனக்குக் கோவம்தான். யாரால இவ கல்யாணம் நின்னுதோ அந்தாளுக்கே சேவகம் பண்றாளேன்னு. அவர் போன அன்னைக்கு என்னையும் கட்டிப் பிடிச்சாரு. நான் திட்டலாம்னு வாயைத் திறந்தேன், அழுகை வந்துருச்சு. அப்பறம் அவர் சொல்லி நாலு பேரு, அவங்க சொல்லி நாலு பேருன்னு வந்து, ரூம் வாடகைக்கு விடற மாதிரி ஆயிப் போச்சு. அதுவும் தாரணி யோசனைதான். உங்களை மாதிரி ஆளுங்களே வேண்டாம்னு நினைச்ச எனக்கு, உங்களுக்கே காப்பி போடற தலையெழுத்து.

இருங்க, பால் பொங்குது.

ம். சக்கரை சரியா இருக்கா?

ரெண்டு வருஷம் ஆயிருச்சு கண்ணு, அவளுக்கு இருபத்தெட்டு. அவளுக்கு அப்பறம் பொறந்த எங்க அண்ணன் பொண்ணு ரெண்டாவது உண்டாயிருக்கா. கோயிலுக்குப் போனா எல்லாரும் என்னைப் பாத்து ஒரு மாதிரி சிரிக்கறாங்க. நான் போயிட்டா இவளுக்கு யாரு இருக்காங்கன்னு நினைச்சா சோறு இறங்க மாட்டேங்குது. இவ என்னடான்னா, நான் இருக்கேன்மாங்கறா. நான் கேக்கறது ஒண்ணு, இவ சொல்றது ஒண்ணு.

ஆனா இந்தத் தடவை விடலை. கரூர்ல ஒரு இடம். துணி ஏத்துமதி. நல்ல குடும்பம். நீங்களெல்லாம் ஓடி முடிச்சுட்டு மறுநாள் ஓய்வா இருக்கறப்ப வர்ற மாதிரி, ஞாயித்துக்கிழமையாப் பாத்து வரச் சொல்லியிருக்கேன். சனிக்கிழமைதானே ஓட்டம்? விசாரிச்சு வச்சுட்டுத்தான் நாள் குறிச்சேன். கேட்டுக்குப் பூட்டும் வாங்கி வச்சாச்சு. நேத்து அவகிட்டச் சொன்னேன். போன தடவை மாதிரி அழலை, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலை. வயசு வந்தா பக்குவம் வந்துருது. போனை எடுத்துட்டு வெளிய போனா. ஜெயசீலன் சார்கிட்டப் பேசினா, எனக்குக் காதுல விழுந்துச்சு. தண்ணி குடுக்கற இடத்தை எங்க வீட்லயே வச்சுக்கலாம் சார், அம்மா பலகாரம் எல்லாம் பண்ணுவாங்க, ஆனா படிக்கட்டு வேண்டாம், வயசானவங்க வருவாங்க, சுத்து ரோடு வழியாவே கூட்டிட்டு வாங்கன்னு சொல்லிட்டிருந்தா.

பாத்தீங்களா? எந்தக் கூட்டத்தால தன் கல்யாணம் நின்னுச்சோ, அதே கூட்டத்துக்குத் தண்ணி குடுக்கணும்னு நினைக்கறா. வயசானவங்களுக்குக் கால் வலிக்கக் கூடாதுன்னு யோசிக்கறா. சனிக்கிழமை வந்து குடிச்சுட்டுப் போகட்டும், எனக்கு ஒண்ணும் இல்லை. இப்படி ஒரு மனசு உள்ள பொண்ணு எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீடு விளங்கும்ங்கறேன்.

என்ன கண்ணு, போனையே பாக்கறீங்க. ஓட்டக்காரங்க அனுப்பினதா? என்னவாம்?

மாத்திட்டாங்களா? எந்தக் கிழமைக்கு?